அவர் சொல்லாத மூன்று வார்த்தைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாயாடி. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். வேலூர் பஸ்ஸில் வேண்டுமென்றே இடித்த ஒருவனை, கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்கு வைதிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு தடவை, மூன்று கெட்ட வார்த்தைகளை ஒரு பெண்ணுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டக் கூசினேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் தெளிவு வரும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. எது கெட்ட வார்த்தை என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்றுதான் முழிப்பேன்.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஆபீஸ் வந்தால் மனு வரும், மனு வந்தால் டைப் அடிக்க ஆள் வேண்டும். நான் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தா டைப்பிங் கடை வைத்திருந்தார். இரண்டு மெஷின், ஒரு பெஞ்சு, சுவரில் அண்ணாமலையார் படம், அவ்வளவுதான் கடை. அங்கே சேர்ந்தேன்.

குமாஸ்தா நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். குரல் வெளியே கேட்காது. யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வரப்புத் தகராறு வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். "மேற்படி நபர் என்னைப் பார்த்து" என்ற இடத்தில் நிறுத்தினார். "இந்த எடத்துல அந்த மூணையும் போட்டுடுங்கம்மா" என்றார். எந்த மூணு என்று கேட்டேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து, நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, அண்ணாமலையார் படத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அடித்து முடித்து மெஷின் சத்தம் நின்ற பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

சீட்டில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் மூன்று வார்த்தைகள் இருந்தன. ஒன்று திட்டப்படுகிறவரின் தாயைப் பற்றியது. ஒன்று பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் பட்டம். மூன்றாவது உடம்பில் ஓர் இடம். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தமிழ் பேசும் யாருக்கும் அவை எவை என்று தெரியும், தெரியாதது போல நடிக்கவும் தெரியும்.

ஆபாசமாகத் திட்டினார் என்று மொட்டையாக எழுதினால் வழக்கு நிற்காதாம். என்ன சொல்லித் திட்டினார் என்று வார்த்தையாகவே இருக்க வேண்டுமாம். அதற்காக யார் யாரை எப்படி வைதிருந்தாலும் எங்கள் கடையில் இந்த மூன்றுதான். எனக்குச் சிரிப்பாக வரும். கோழி மேய்ந்ததற்கு மூன்று, பந்தியில் வடை வைக்காததற்கு மூன்று, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கும் அதே மூன்று. மாவட்டத்தில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள், திட்டுவதற்கு மூன்றே மூன்று வார்த்தைதான் கைவசம் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது நினைத்துக்கொள்ள மாட்டார்களா? வந்தவர்கள் சொன்னதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது! வேங்கிக்கால் பக்கத்து அம்மா ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றி, "உன் வூட்டு அடுப்புல பூனை தூங்க" என்று சொன்னதாகச் சொல்லி அழுதாள். உலை வைக்க ஆளில்லாமல் வீடு அழியட்டும் என்று அர்த்தம். குமாஸ்தா அதை எடுத்துக்கொள்ளவில்லை. அது திட்டு இல்லை, சாபம், சாபத்துக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது என்றார். அந்த அம்மாவின் மனுவிலும் மூன்றைப் போட்டுக் கொடுத்தோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு வேலூர் ரோட்டில் லாரிப் பட்டறை. துருப்பிடித்த போல்ட் கழலாவிட்டால் அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்வார். கழன்றுவிட்டால் சந்தோஷத்தில் மறுபடியும் சொல்வார். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு மலையைப் பார்த்து, "இன்னாடா கெழவா, இன்னிக்காவது படி அளப்பியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுபத்தி கொளுத்துவார். மூன்றுக்கெல்லாம் கேஸ் என்றால் எனக்கு தினமும் ஆயுள் தண்டனைதான் என்றார். அப்பாவோடு வேலை செய்த பாய் மட்டும் ஒரே ஒரு சொல்லுக்கு முகம் சுளிப்பார். அப்பா ஜாக்கியைப் பார்த்து 'பேமானி' என்று கத்தினால் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். ஈமான் இல்லாதவன், இறைநம்பிக்கை கெட்டவன் என்று அர்த்தம், அது மனுஷனைச் சொல்லவே யோசிக்க வேண்டிய வார்த்தை, இரும்பைப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நாள் பொறுமையாகக் கேட்டார். மற்றதையெல்லாம் அவர் காதில் வாங்கியதே இல்லை. அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண் கடைக்கு வந்தது தொண்ணூற்று நாலிலோ ஐந்திலோ. பௌர்ணமிக்கு மறுநாள். மலை சுற்றும் கூட்டம் மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்த காலம். அடி அண்ணாமலையைச் சேர்ந்தவள். அவள் புருஷன் சுற்றுப்பாதையில் சாக்கு விரித்துக் கற்பூரமும் நெய் விளக்கும் விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். எட்டாவது படிக்கும் ஒரே பெண். ஆறு மாசம் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதே இடத்தில் அதே சாக்கை விரித்துத் தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்தில் ஒரு தேங்காய்க் கடை. கடைக்காரர் அவள் புருஷனுக்குச் சிநேகிதர், பாடைக்குத் தோள் கொடுத்தவர். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். அவரை நான் 'அவர்' என்றே எழுதுகிறேன், அக்கா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாள். அவர் என்ன செய்தார் என்றால், அக்காவின் தட்டில் கற்பூரம் எடுக்கக் குனிகிற ஒவ்வொருவரிடமும் பணிவாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு விஷயம் சொன்னார். அக்கா அதை அப்படியே சொன்னாள்.

"தாலி அறுத்த கைங்க அது. அந்தக் கையில வாங்குற கற்பூரம் சாமிக்கு ஆகாதுங்க. நீங்க இப்படி வாங்க."

மூன்று பௌர்ணமியாகச் சொல்கிறாராம். அக்கா பக்கம் அவர் திரும்பவே மாட்டாராம். நேற்று மெட்ராஸ்காரப் பெண்மணி ஒருத்தி, எடுத்த கற்பூரத்தைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்தில் அக்காவின் பெண் உட்கார்ந்து விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாளாம்.

அவரைப் பட்டறைப் பாஷையில் அங்கேயே வாய்க்கு வந்தபடி பேசினேன். குமாஸ்தா 'சிவ சிவா' என்று காதைப் பொத்திக்கொண்டார். அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அவரை எதற்கு இப்படிப் பேசுகிறாய், அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். யார் பக்கம் நிற்கிறேன் என்றே எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

அவளுக்கு வேண்டியதை அவள் தெளிவாகவே சொன்னாள். அவரை ஜெயிலில் போட வேண்டாம். இடத்தை விட்டுத் துரத்த வேண்டாம்.

"அவரு பேசுனது தப்புனு பெரிய மனுஷங்க யாராவது ஒருத்தரு சொல்லணும்மா. எம் பொண்ணு கேக்கற மாரி சொல்லணும். அது போதும்."

குமாஸ்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான் அறிந்த வரையில் அவர் கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்கு உதவ வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த வாக்கியத்துக்கு எந்தப் பிரிவும் பொருந்தாது என்றார். அதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? மரியாதையாகத்தானே பேசியிருக்கிறார்? ஜனங்கள் நம்புவதைத்தானே சொல்லியிருக்கிறார்? ஸ்டேஷனில் சிரித்து அனுப்பிவிடுவார்கள், இதை எழுதினால் இருக்கிற கேஸும் கெட்டுப்போகும் என்றார். பிறகு வழக்கம் போலப் படத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, என்னிடம் அந்த மூன்றையும் போடச் சொன்னார்.

போட்டேன். எனக்குச் சீட்டெல்லாம் தேவைப்படாமல் போய் வருஷக் கணக்காகிவிட்டது. அந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கற்பூர வாக்கியத்தை முழுசாக விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் படித்துக் காட்டச் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து படித்தேன். மேற்படி நபர் என்னைப் பார்த்து என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. அவள் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புருஷனை இழந்த பெண்ணைப் பார்த்து அந்த மூன்றில் எதை நான் வாய்விட்டுச் சொல்ல? போல்ட்டைச் சொல்லலாம், பஸ்ஸில் இடித்தவனைச் சொல்லலாம். இவளைப் பார்த்து எப்படி? "அசிங்கமாகத் திட்டினார்" என்று சமாளித்து அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன்.

"நான் சொன்னது அப்படியே இருக்குதில்ல?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்குதுக்கா" என்றேன்.

அவள் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்குப் பதிவானது. அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கே ஊரில் அவருக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. அடுத்த பௌர்ணமியில் அவர் வாயே திறக்கவில்லையாம். அதற்கடுத்ததிலும் இல்லை. அக்கா நன்றாக வியாபாரம் செய்தாள். மனுவுக்கோ நகலுக்கோ ஊருக்குள் வரும்போதெல்லாம் எனக்கு வேர்க்கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். பெண் ஒன்பதாவது போய்விட்டாள் என்பாள், கணக்கில் கெட்டிக்காரி என்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பத்து விரலுக்கு இவ்வளவு சக்தியா என்று கொஞ்சம் ஆடித்தான் போனேன். பொய்யாக அடித்த மூன்று வார்த்தை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகித்தான் விசாரணைக்கு வந்தது. இத்தனை காலம் எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் கோர்ட்டுக்குள் போய் வேடிக்கை பார்த்ததில்லை. அன்றைக்குப் போனேன். அக்கா வெளுத்த புடவையை மொடமொடவென்று கட்டியிருந்தாள். பெரிய மனுஷர் சொல்வதைக் கேட்கட்டும் என்று பெண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர் வெள்ளை வேட்டியில் வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார், எனக்கும் போட்டார்.

அரசு வக்கீல், என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று, கற்பூரத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னாள். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள் போல. அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அது இல்லையே அம்மா, வேறு என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

பிறகு அவருடைய வக்கீல் எழுந்தார். புகாரைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல வாசித்தார். நான் அந்த மூன்றையும் எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன் என்று தெரியாது. ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால், நிசப்தமான ஓர் அறையில், நிதானமான குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் பாவாடை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

அக்காவுக்கு முதலில் புரியவே இல்லை. யாரைச் சொல்கிறார்கள் என்பது போல சுற்றிலும் பார்த்தாள். வக்கீல், இப்படித்தான் அவர் உங்களைத் திட்டினாரா என்று கேட்டார்.

"ஐயய்யோ, இல்லீங்க. அவரு அப்படியெல்லாம் பேசுற மனுஷன் இல்லீங்க."

இது உங்கள் புகார்தானே, உங்கள் கையெழுத்துதானே என்று நீதிபதி கேட்டார். சத்தம் போடாமல் பொறுமையாகத்தான் கேட்டார். அக்கா காகிதத்தைக் கிட்டே வாங்கிப் பார்த்தாள்.

"கையெழுத்து என்னுதுங்க. வார்த்தை என்னுதில்லீங்க."

முடிந்தது. அவள் இப்போது சொல்வது புகாரில் இல்லை, புகாரில் இருப்பதை அவள் சொல்லவில்லை. சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்து அவர் விடுதலையானார். ஆனால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பொய்க் கேஸ் போட்டிருக்கிறாள் பார் என்று ஊர்க்காரர் ஒருவர் படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அக்கா பெண்ணை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தாள். குமாஸ்தாவுக்கு உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. நான் மட்டும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதை நீ எழுதவில்லையா என்று கேட்டாள். உன் நல்லதுக்குத்தான் அக்கா, அந்த வாக்கியத்துக்குப் பிரிவு கிடையாது, இதைப் போட்டால்தான் கேஸ் நிற்கும் என்று ஏதேதோ உளறினேன். அவள் முழுசாகக் கேட்டாள்.

"அவரு என்னெ அப்படி சொல்லலம்மா. நீதான் சொல்லியிருக்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று நினைத்தேன். என்னிடம் பதிலுக்குப் பேச ஆயிரம் இருந்தது, அழுவதற்கும் இடம் கிடைத்திருக்கும். அவள் திட்டவில்லை. வெயிலில் நின்றிருந்த பெண்ணின் தலையில் முந்தானையைப் போட்டு அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அந்தப் புள்ளையும் கேட்டுச்சா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. தினமும் ஆயிரம் தடவை அதே வார்த்தைகளைச் சொல்கிற மனிதருக்கு என்மேல் என்ன கோபம்? எனக்குக் கோபம் வந்தது, அவமானமாகவும் இருந்தது, எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. அடி அண்ணாமலையில் அந்த மூன்று வார்த்தையும் அக்காவோடு ஒட்டிக்கொண்டன. கோர்ட்டிலேயே படித்தார்களே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பையன்கள் கத்தியிருக்கிறார்கள். அக்கா சாக்கை எடுத்துவிட்டாள். அவர் அந்த இடத்துக்கும் சேர்த்துப் பலகை போட்டுக் கடையை நீட்டிக்கொண்டார்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். வருகிறவர்கள் சொல்வதை மட்டும்தான் அடிப்பேன் என்று குமாஸ்தாவிடம் ஒரு நாள் சண்டை போட்டேன். உங்க இஷ்டம்மா என்றார். அப்படி அடித்துக் கொடுத்த இரண்டு புகாரும் வார்த்தை போதாது என்று ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தன. வந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு நின்றார்கள். மூன்றாவது புகாரிலிருந்து பழையபடி அடிக்க ஆரம்பித்துவிட்டேன். படித்துக் காட்டும்போது மட்டும் எதையும் விடுவதில்லை, வார்த்தைக்கு வார்த்தை சத்தமாகப் படிப்பேன். முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் எழுந்து வெளியே போவார்கள். பொம்பளை வாயில் வருகிற பேச்சா இது என்று ஒரு பெரியவர் காறித் துப்பினார். அந்தப் பேச்சை எழுதி வாங்கத்தான் அவர் வந்திருந்தார்.

ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ போயிருக்கும். அதுவரை பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா வற்புறுத்தி ஒரு தடவை என்னை இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மதியத்திலேயே கிளம்பினோம். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் பக்கம், ஒரு சாக்கின் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அடையாளமே தெரியவில்லை. நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். தலை நிறையக் கதம்பம். கை நிறையக் கண்ணாடி வளையல். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஓடிப்போய் அக்காவின் எதிரே குந்தினேன். கல்யாணம் ஆகிடுச்சாக்கா என்று கேட்டேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எவன் கட்டுனான்? நானேதான் கட்டிக்கினேன். பௌர்ணமிக்கு மட்டும்தான். ஊருக்குப் போறதுக்குள்ள கழட்டிடுவேன்."

இந்தப் பக்கம் தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் வருவதில்லை என்றாள். வியாபாரம் பரவாயில்லை, பெண் பத்தாவதில் நல்ல மார்க்கு என்றாள். எனக்கு அந்தக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. செத்துப்போன மனிதரை வைவதா இது, சாமியை வைவதா, அந்தத் தேங்காய்க் கடைக்காரரை வைவதா? இல்லை, வைவதே இல்லையா? என் புத்திக்கு என்ன வந்ததோ, சாமி குத்தம் ஆகாதாக்கா என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

"நீ எழுதலாம், நான் கட்டிக்கக் கூடாதா?"

அதற்குள் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், எல்லோரும் வெறுங்காலோடு. அவர்கள் எங்களுக்கு அடுத்த சாக்கின் முன்னால்தான் நின்றார்கள். அங்கேயும் கற்பூரம்தான். விற்றவள் அக்காவை விட வயதானவள், கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் திருநீறு மட்டும். அந்தத் தாய் குனிந்து இரண்டு கட்டி கற்பூரத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

அக்கா தன் தட்டை இரண்டு கையாலும் உயரத் தூக்கினாள். வளையலெல்லாம் முழங்கைக்குச் சரிந்தன. இவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

"இப்படி வாங்கம்மா. சுமங்கலி கைங்க இது. இந்தக் கையில வாங்குனாதான் அண்ணாமலையாருக்கு ஆகும்."

அந்தத் தாய் ஒரு நிமிஷம் யோசித்தாள். கற்பூரத்தைத் திருப்பி வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். அடுத்த சாக்குக்காரி, திரும்பி வந்த அந்த இரண்டு கட்டியை எடுத்துத் தட்டில் மற்றதோடு சேர்த்து அடுக்கி வைத்தாள்.